பதினொரு பாட்டும் ஒரு துணைக்குழுவும்

ப்ராஜக்ட்காரர் என்றோர் இனம் இருக்கிறது. அடுப்பு மூட்டுவதற்கு முன்பே பந்திக்கு இலை போடக் கிளம்பி, வாழை இலையா தையல் இலையா என்று மூன்று நாள் விவாதிப்பவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், பாருங்கள்.

எடமலைப்பட்டி புதூர் பிரவீன்ராஜ் இதில் அசல் வித்து. பாலக்கரைப் பக்கம் ஒரு மாதா கோயிலில் முப்பது வருஷம் பாடகர் குழுவை நடத்திய லூர்துராணி டீச்சர், மகளோடு இருக்க ஒரேயடியாகச் சிங்கப்பூர் போகிறார் என்று தெரிந்ததும் மனிதருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. டீச்சர் தானே மெட்டுப் போட்ட பாட்டுகள் பதினொன்று. எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் அவர் தொண்டையில். விமானம் ஏற இன்னும் இரண்டே மாதம். பாட்டு, படம், பேட்டி எல்லாம் சேர்த்து ஒரு மல்டிமீடியா தொகுப்பு செய்து தருகிறேன் என்று வலியப் போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டார் பிரவீன்ராஜ்.

முதல் வாரம் வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் வைத்தார். இரண்டாம் வாரம் லோகோ: புறாவா, ஆர்மோனியமா? பிறகு, ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தில் தொடங்கிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் பாலக்கரையில் வந்து இறங்குகிற ட்ரோன் காட்சி இல்லாவிட்டால் படம் நிற்காது என்றார். ட்ரோனுக்கு அனுமதி வேண்டுமே என்றதும் அனுமதிக்கு ஒரு துணைக்குழு, துணைக்குழுவுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், அவருக்கு ஓர் எக்செல் ஷீட், அந்த ஷீட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். டீச்சரை ஒரு வரியாவது பாடவைத்தாரா? ஊஹூம். டீச்சரே இரண்டு தடவை, எப்ப வரட்டும் தம்பி என்று கேட்டார். ஸ்கிரிப்ட் முடியட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டார்.

பாடகர் குழுவில் பெலிண்டா என்றொரு பெண். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சரைக் கோயில் பின்பக்கம் உட்காரவைத்து, பதினொன்றையும் செல்போனில் பதிந்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பிரவீன்ராஜ் ஒரு கட்டைவிரல் படம் போட்டு, 'ரெஃபரன்ஸுக்கு வச்சுக்கலாம்' என்று எழுதினார். செல்போன்தானே, காக்கா சத்தமெல்லாம் கேட்குமாம்.

புறப்படும் நாளன்று ஏர்போர்ட் வாசலில் வாடகைக் காமிரா, மூன்று விளக்கு, மைக் சகிதம் வந்து இறங்கினார். விமான நேரத்தை மட்டும் அந்த ஷீட்டில் யாரும் ஏற்றவில்லை! டீச்சர் பாஸ்போர்ட்டும் கையுமாக உள்ளே போக நின்றார். பாடகர் குழுப் பிள்ளைகள் சுற்றி நின்று ஒரு பாட்டு பாடினார்கள். பிரவீன்ராஜ் மைக்கைக்கூட மறந்து கேட்டார். ரொம்ப நல்லா இருக்கே, யார் பாட்டு இது என்று பெலிண்டாவிடம் அவர் கேட்டது டீச்சர் காதில் விழுந்துவிட்டது.

"அந்தப் புள்ள அனுப்பினத நீங்க கேக்கவே இல்லியா தம்பி?"

கோபித்துக்கொண்டு கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். டீச்சர் அவர் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். பாவம், அழுதேவிட்டார் மனிதர். வீடு வந்து சேர்வதற்குள், 'நம் குறைகள் பற்றிய மீட்டிங், சனி மாலை 5' என்று குழுவில் போட்டும்விட்டார்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அம்மா சொல்லும் கதைகளை ஒருநாள் ஒழுங்காகப் பதிவு பண்ணணும் என்று ஆன்லைனில் நல்ல மைக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறீர்களே, எத்தனை வருஷமாயிற்று? அம்மா அடுத்த அறையில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.