கடைவாய்ப் பல்லுக்கு ஆயுள் உத்தரவாதம்

ஊருக்கெல்லாம் ஆயுள் காப்பீடு விற்கிற நான், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிற ஆசாமி. இதை இத்தனை வருடம் வெளியே சொல்லவில்லை. சொன்னால் பிழைப்பு என்னாவது? பரமத்தி வேலூர் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும், "பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கறதையும் படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்வது என் வழக்கம். அவர்கள் படிக்காமல் போடுவார்கள். நான் மனதுக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புக்கான தண்டனை என் கடைவாய்ப் பல்லில் வந்து இறங்கியது.

கீழ்வரிசையில் இடது கடைவாய்ப் பல் சொத்தை. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனையின் வாசலில், "பல் கேப்புக்கு ஆயுள் உத்தரவாதம்" என்று என் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள். ஆயுள் என்ற சொல்லைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று தோன்றிவிட்டது. (தொழில் பாசம்.) வேரைச் சுத்தம் செய்து, மேலே தொப்பி மாதிரி வெள்ளையாக ஒரு கேப் மாட்டி, கையில் ஓர் உத்தரவாத அட்டையும் கொடுத்தார் டாக்டர். முன்பக்கத்தில் என் பெயர் அழகாக அச்சாகியிருந்தது. பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது.

பத்து மாதம் கழித்து, ஒரு காலை, என் மனைவி கோமதி சுட்ட இட்லியை மென்றுகொண்டிருந்தேன். வாயில் ஏதோ கல் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் கேப், இரண்டு துண்டாக.

"கல்லு கெடந்துச்சுங்களா?" என்று கோமதி பதறினாள்.

"கல்லு இல்ல. பல்லு."

"இட்லி தின்னு பல்லு உடைஞ்சுதுன்னு வெளிய சொல்லாதீங்க. கேக்கறவங்க என் இட்லியப் பத்தி என்ன நெனைப்பாங்க?"

என் வாயில் பாதிப் பல் காணோம், அவளுக்கு இட்லியின் மானம்.

துண்டுகளை மாத்திரை டப்பாவில் போட்டுக்கொண்டு அஸ்தம்பட்டிக்குப் போனேன். டாக்டர் மிகவும் மரியாதையானவர். டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"உத்தரவாதம் முடிஞ்சிருச்சுங்க சார்."

"ஆயுளுக்கும்னு போட்டிருக்கீங்களேங்க. நான் உயிரோடதானே இருக்கறேன்?"

"உங்க ஆயுள் இல்லீங்க. கேப்போட ஆயுள். அது உடைஞ்ச அன்னிக்கே அதோட ஆயுள் முடிஞ்சிருச்சு பாருங்க."

இருபது வருடம் காப்பீடு விற்றவன், இப்படி ஒரு விளக்கம் எனக்குத் தோன்றாமல் போனதே என்று ஒரு நொடி பொறாமைப்பட்டேன். பிறகுதான் கோபம் வந்தது. அவர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். எறும்பு வரிசை போன்ற எழுத்தில், முறுக்கு, எலும்பு, கொட்டைப்பாக்கு, கரும்பு கடித்தால் உத்தரவாதம் செல்லாது என்று இருந்தது.

"இட்லி இந்த வரிசையில இல்லீங்களே" என்றேன்.

"இட்லியில உடையாதுங்க. நீங்க வேற என்னமோ கடிச்சிருக்கீங்க."

பேசாமல் ஈறால் மென்று காலத்தைத் தள்ளியிருக்கலாம். ஆனால் என்னை நோகடித்தது அந்த "வேற என்னமோ". முதலில் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். பதில் இல்லை. நாமக்கல்லில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். வக்கீல் வேண்டாம், நாமே பேசலாம், நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்று விசாரித்தபோது சொன்னார்கள். நானே பேசலாம் என்று காதில் விழுந்ததும் எனக்கு நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது. அன்றிரவே கண்ணாடி முன் நின்று, "மாண்புமிகு ஆணையத் தலைவர் அவர்களே" என்று பேசிப் பார்த்தேன். கேப் இல்லாத இடத்தில் காற்றுப் புகுந்து "தலைவர்" விசிலடித்தது.

பிரமாண வாக்குமூலம் தட்டச்சு செய்தவர் நல்ல மனிதர். "மேற்படி பொருட்களைக் கடித்ததால் கேப் உடையவில்லைன்னு போட்டாப் போதும் சார்" என்றார். எனக்குப் போதவில்லை. வாக்கியத்தில் ஒரு கம்பீரம் வேண்டாமா? "மனுதாரர் தம் வாழ்நாளில் கரும்பைப் பல்லால் தொட்டதே இல்லை" என்று சேர்க்கச் சொன்னேன். அவர் என் ஊர்ப் பெயரைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். சொன்னபடியே தட்டச்சு செய்து கொடுத்தார். (ஊரைச் சுற்றிக் கரும்புக்காடு வைத்துக்கொண்டு இப்படி எழுதியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.)

விசாரணை நாளன்று கோமதியும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். மருத்துவமனை சார்பில் ஓர் இளம் வக்கீல். எழுந்து என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வாழ்நாள்ல கரும்பே கடிச்சதில்ல, இல்லீங்களா?"

"இல்லவே இல்லீங்க."

அவர் ஒரு வண்ணப் படத்தை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். எனக்கும் ஒரு பிரதி. அதில் ஒருவன் தலைப்பாகை கட்டிக்கொண்டு, கருங்கரும்பைக் கடைவாயில் கொடுத்து, கண்ணை மூடி இழுத்துக்கொண்டிருந்தான். தாடையில் சாறு வழிந்தது. கீழே, "இனிமை பொங்கட்டும். இப்படிக்கு உங்கள் காப்பீட்டு ஆலோசகர்" என்று என் பெயர்.

பொங்கலுக்கு நானே எடுத்த செல்ஃபி. என் கைபேசியில் இருக்கிற அத்தனை எண்களுக்கும் அனுப்பிய வாழ்த்து. அந்த அத்தனை எண்களில் பல் டாக்டரும் ஒருவர். அவரிடம் ஒரு பாலிசி தள்ளிவிடலாம் என்று பெயரோடு தனியாக வேறு அனுப்பியிருந்தேன்.

"இது கேப் மாட்டினதுக்கு அப்புறம், உடையறதுக்கு முந்தி எடுத்ததுங்கய்யா" என்றார் வக்கீல். "கரும்பு இடது பக்கம் இருக்கு. கேப்பும் இடது பக்கம்."

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"ஐயா, அது செல்ஃபிங்க. செல்ஃபியில இடது வலதா மாறித் தெரியும். நான் கடிச்சது வலது பக்கம்."

"படம் எடுத்ததும் போனே சரியாத் திருப்பிக்கும்" என்றார் வக்கீல்.

"என் போன் திருப்பாது" என்றார் ஆணைய உறுப்பினராக இருந்த அம்மா, யோசனையோடு.

அங்கேதான் விசாரணை கையைவிட்டுப் போனது. சோதித்துப் பார்த்துவிடலாம் என்றார் தலைவர். வக்கீல் தன் பேனாவை இடது கடைவாயில் கடித்துக்கொண்டு தன்னையே படம் எடுத்தார். எழுத்தரும் அதே பக்கம் ஒரு பென்சிலைக் கடித்து எடுத்தார். வக்கீல் படத்தில் பேனா இடது பக்கம். எழுத்தர் படத்தில் பென்சில் வலது பக்கம். அடுத்த வழக்குக்காகக் காத்திருந்த, குளிராத ஃபிரிட்ஜ்காரர், "என் போனையும் பாருங்க சாமி" என்று வண்டிச் சாவியைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். சற்று நேரத்துக்கு அந்த அறையில் வாயில் எதுவும் இல்லாமல் இருந்தது தலைவர் ஒருவர்தான். அவரும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் காதுக்கம்பியை உதட்டருகே கொண்டுபோய், சுதாரித்துக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து, அதே வாழ்த்தைத் தன் கைபேசியில் திறந்து பார்த்துக்கொண்டிருந்த கோமதியின் குரல்.

"ஏனுங்கய்யா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? படத்துல பின்னால ஒரு பஸ்ஸு நிக்குதுங்க. அதோட போர்டைப் பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். கரும்புக் கடைக்குப் பின்னால் நின்ற பேருந்தின் பலகையில் ராசிபுரம் என்ற எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பி நின்றன. படம் மாறித்தான் இருந்தது. கரும்பு வலது பக்கம். வக்கீல் பேனாவை வாயிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

நான் இமயமலையில் கொடி நட்டவன்போல் நிமிர்ந்தேன். அதோடு விட்டிருந்தால் வெற்றி. தலைவர் கோமதியை முன்னால் வரச் சொன்னார்.

"உங்க கணவர் கரும்பு சாப்பிடுவாரா?"

நான் கண்ணைக் காட்டினேன். புருவத்தை ஏற்றினேன். தொண்டையைச் செருமினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"வருசா வருசம் ஒரு கட்டுத் தின்னுவாருங்க. ஆனா எப்பவும் வலது பக்கந்தானுங்க. கேப்பு போட்ட பக்கம் பச்சத்தண்ணி படறதுக்கே பயப்படுவாரு. இட்லி தின்னுதானுங்கய்யா உடைஞ்சுது. நாந்தான் அதை வெளிய சொல்ல வேண்டாம்னேன். இட்லி பஞ்சாட்டத்தான் இருந்துச்சு."

அறை முழுக்க ஒரு சிரிப்பு எழுந்து, தலைவர் முகத்தைப் பார்த்து அடங்கியது. அவர் என் வாக்குமூலத்தை எடுத்து, "வாழ்நாளில்" என்ற சொல்லின் கீழ் மெதுவாகக் கோடு போட்டார். நான் மேசையின் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்கு ஆயுள் என்று எழுதிவிட்டு, நிபந்தனையை அட்டையின் முதுகில் ஒளித்துவைப்பது முறையற்ற வணிகம். கரும்பினால்தான் உடைந்தது என்பதற்குச் சான்று இல்லை. புதிய கேப்பை இலவசமாகப் பொருத்தித் தர வேண்டும். மன உளைச்சலுக்கு நான் கேட்டிருந்த இழப்பீடு மட்டும் தள்ளுபடி. அதற்குக் காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "மனுதாரரின் கூற்றைவிட அவர் மனைவியின் கூற்றே நம்பத்தகுந்ததாக உள்ளது."

கேப் மாட்டியாகிவிட்டது. டாக்டர் இந்த முறை அட்டையின் பின்பக்கத்தை எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் தலையாட்ட வைத்தார். பலகையில் ஆயுள் போய் ஐந்து வருடம் என்று ஆகியிருந்தது.

கோமதி அந்த உத்தரவை லேமினேட் செய்து பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்திருக்கிறாள். கேஸ் அடுப்பை அணைத்தது யார், அவள் தம்பி கல்யாணத்துக்குத் தாமதமானது யாரால், எது கிளம்பினாலும் பீரோக் கதவு திறக்கும். "ஊட்டுல நான் சொல்றதுதான் நம்பற மாதிரி இருக்குதுன்னு கவர்மெண்டே சொல்லிருச்சுங்க" என்பாள். இப்போது என் மகளும் அதையே சொல்கிறாள். போன மாதம் மாமனார்கூட ஒரு நகல் கேட்டார்.

மேல்முறையீடு செய்ய நாற்பத்தைந்து நாள் அவகாசம் உண்டாம். அது உத்தரவின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது.