போச்சண்ணனும் அரக்குத் துண்டும்

ஆரணியில் இதுவரை நடந்த எல்லாக் கெடுதல்களையும் முன்கூட்டியே சொன்ன மனிதர் ஒருவர் உண்டு. நடக்காத கெடுதல்களையும் அவர்தான் சொன்னார். அதற்காக அவர் வாக்கு தவறிவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்னும் நடக்கவில்லை, அவ்வளவுதான் என்பார்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். பட்டு நெசவு செய்து விற்கும் எங்கள் சின்னக் கம்பெனியில் எட்டு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரியாது. எதற்கெடுத்தாலும் "போச்சு" என்பார், அதனால் போச்சு. முதலாளி "யோவ் போச்சு" என்பார். எனக்குப் போச்சண்ணன். கூரியர்காரர்கள் ரசீதிலேயே "மிஸ்டர் போச்சு" என்று எழுதிக் கொடுத்தார்கள், அவரும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மழை வந்தால், "போச்சு, தறியில பாவு நூலு ஈரம் பாஞ்சிடும்." வெயிலடித்தால், "போச்சு, இழை அறுந்துகினே இருக்கும்." மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் வானம் மூடிக் கிடந்தால் இன்னும் மோசம். ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "இன்னா வரப்போவுதுன்னே தெரியலயே தம்பி, போச்சு" என்பார்.

அவர் மனைவி சரசக்கா நல்ல நெசவாளி. கம்பெனிக்கு நெய்த பதினெட்டுத் தறிகளில் ஒன்று அவர்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருந்தது. சேலை கொடுக்க வந்த ஒருநாள் அக்கா சொன்னார்: "தாலி கட்டி மொத முடிச்சு போடறப்பவே எங்காதுல 'போச்சு'ன்னாருப்பா. எனக்குப் போச்சா, அவருக்குப் போச்சா? இன்னி வரைக்கும் கேட்டுகினுதான் கீறேன். சொல்ல மாட்டேங்கிறாரு."

இப்படிப்பட்டவர் கையில்தான் வெளிநாட்டு சர்டிபிகேட் விவகாரம் வந்து விழுந்தது.

வெளிநாட்டுக் கடை ஒன்று எங்கள் பட்டுத் துணியைக் கேட்டது. குழந்தைகளுக்குக் கவுன் தைக்கவாம். முகூர்த்தம் இல்லாத மாதங்களிலும் பதினெட்டுத் தறியும் ஓடும் அளவுக்கு ஆர்டர். ஒரே ஒரு நிபந்தனை: துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் எதுவும் இல்லை என்று பரிசோதனைக்கூடச் சான்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஆர்டர் இல்லை. சேலை விற்பனை ஏற்கெனவே சரிந்திருந்ததால், ஆர்டர் இல்லாவிட்டால் சரசக்கா தறி உட்பட பாதித் தறி நின்றுவிடும்.

முதலாளிக்குக் கோபம். "நம்மகிட்ட இல்லாத சர்டிபிகேட்டா? பட்டு லேபிள் கீது, கைத்தறி லேபிள் கீது. இன்னும் இன்னா வேணுமாம் அவனுக்கு?"

போச்சண்ணன் அந்தச் சான்றுக்கான கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பென்சிலால் அடிக்கோடிட்டுப் படித்து முடித்திருந்தார். "முதலாளி, பட்டுன்னு சொல்ற சீட்டு வேற. கைத்தறின்னு சொல்ற சீட்டு வேற. சாயத்துல விஷம் இல்லன்னு சொல்ற சீட்டு வேற. பட்டுப்பூச்சி கூட்டுலேர்ந்து கொரியர் வரைக்கும் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ற சீட்டு இன்னொண்ணு கீது, அது இன்னும் பேஜாரு. நாலும் வாங்கினாலும், சேலை நல்லாருக்குன்னு சொல்ற சீட்டு ஒண்ணு கூட இல்லீங்க."

"அப்ப நம்மளுக்கு வேண்டியது கெடைக்குமா, கெடைக்காதா?"

"போச்சு."

சான்று விஷயமாகச் சென்னையிலிருந்து ஒரு மேடம் பட்டறையைப் பார்வையிட வந்தார். போச்சண்ணன் வாயைத் திறக்கவே கூடாது என்று முதலாளி முதல் நாளே கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். மேடம் தீயணைப்புக் கருவி எங்கே என்று கேட்டார். முதலாளி ஏதோ ஒரு திசையைக் கைகாட்டினார். போச்சண்ணனால் தாங்க முடியவில்லை.

"அது போன வருஷமே காலாவதி ஆயி போச்சுங்க மேடம். அதுமேலதான் குடை மாட்டுறோம்."

"சாயத் தண்ணி எங்க போகுது?"

"தொட்டி கட்டி தெளிய வெக்கறோங்க. ஆனா தொட்டியில ஒரு விரிசல் விட்டுகினு கீது. அதுவும் போச்சு."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். மேடமோ பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். "இத்தனை கம்பெனி போயிருக்கேன் சார். நான் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே சொன்ன ஆள் இவர் ஒருத்தர்தான்" என்றார். விரிசலை அடையுங்கள், கருவியை மாற்றுங்கள், துணி மாதிரியை அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஜல்தியாக நடந்தது. குடைக்குத் தனியாக ஆணி அடித்தோம்.

ஐந்து நிறத்தில் ஐந்து துண்டுகள் வெட்டினோம்: மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில்நீலம், சந்தனம், அரக்கு. கையேட்டில் கண்டிப்பாக எழுதியிருந்தது: பேனா மை படக்கூடாது, ஊசி குத்தக்கூடாது, சென்ட் பூசிய கையால் தொடக்கூடாது. போச்சண்ணன் இரண்டு தரம் கை கழுவிவிட்டுத் தானே உட்கார்ந்து உறைகளில் போட்டு ஒட்டினார். கூரியர்காரர் பார்சலை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வழக்கமான வார்த்தை வரவில்லை. தலைவலியோ என்னவோ என்று விட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நான்கு நிறம் தேறிவிட்டது. அரக்கு தோற்றுவிட்டது. தடைசெய்யப்பட்ட வகைச் சாயம் அதில் இருக்கிறதாம்.

முதலாளி சாயக்காரர் முருகேசனைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்களுக்குப் பல வருஷமாகச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை சிவப்பாக, பாதி வேலையில் எழுந்து வந்து நின்றார்.

"மலிவா கெடைக்குதுன்னு எந்தச் சாயத்தை வாங்கிக் கலந்தே?"

"புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்க முதலாளி. பில்லு கீற சாயம் தவிர எதையும் தொட்டியில போடல."

"அப்ப ரிப்போர்ட்டு பொய் சொல்லுதா? நாளைலேர்ந்து நீ வராத."

முருகேசன் சிவந்த கைகளை லுங்கியில் துடைத்தார், துடைத்தும் போகவில்லை. போச்சண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அவரு இல்லீங்க. நான்தான். ஒறையில போடறப்ப, அந்த அரக்குத் துண்டுல குங்குமத்தால ஒரு பொட்டு வெச்சேன்."

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

"ஏன்யா?"

"புதுத்துணிக்கு வெக்கறதுதானுங்களே. மத்ததுல வெச்சா கறையாத் தெரியும். அரக்குல தெரியாதுன்னு..."

எல்லோரும் ஒரே நேரத்தில் சாமி படத்தட்டைப் பார்த்தோம். அங்கே பிளாஸ்டிக் டப்பாவில் சந்தையில் உதிரியாக வாங்கிய குங்குமம், ரத்தச் சிவப்பில். அதில் என்ன சாயம் கலந்திருந்தது என்று அந்தச் சாமிக்குத்தான் தெரியும். இல்லை, இப்போது பரிசோதனைக்கூடத்துக்கும் தெரியும்.

"எதுக்கெடுத்தாலும் போச்சு போச்சும்பியேய்யா! இதுக்கு மட்டும் எதுக்குப் பொட்டு வெச்சே?" என்றார் முதலாளி.

"இந்த ஒரு தபா கெடைச்சுடும்னு தோணிச்சுங்க. தறியெல்லாம் ஓடும்னு. எப்பவும் எனக்கு அப்படித் தோணாது. அதான்."

முதலாளிக்கு அப்போது சொல்வதற்கு ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. ஆனால் அது எங்கள் ஆபீசில் வேறொருவருக்குச் சொந்தம். முதலாளி முருகேசனைப் பார்த்து, "போய் வேலையப் பாரு" என்று மட்டும் சொன்னார்.

அதே அரக்குத் துணியில் வேறு துண்டு வெட்டி மறுபடி அனுப்பினோம். சுத்தமாகத் தேறியது. சர்டிபிகேட்டும் வந்தது. அதற்குள் வெளிநாட்டுக் கடை, நன்றி, வேறு இடத்தில் வாங்கிக்கொண்டோம் என்று இரண்டு வரியில் எழுதிவிட்டது. முதலாளி சர்டிபிகேட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அதன் கீழே உட்கார்ந்து, எந்தெந்தத் தறியை நிறுத்துவது என்று பட்டியல் போட்டோம். அந்தப் பட்டியலை டைப் செய்தவன் நான். சரசக்கா பெயரை அடிக்கும்போது என் விரல் நின்று நின்றுதான் போயிற்று.

அக்கா ஒரு பவர்லூம் ஷெட்டில் நூல் சுற்றப் போனார். கடைத்தெருவில் பார்த்தபோது, அண்ணனைத் திட்டினீர்களா என்று கேட்டேன்.

"எங்கேப்பா திட்டறது? திட்டினா போச்சும்பாரு, நானும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசலாம். இப்ப அதுகூட சொல்ல மாட்டேங்கிறாரு. அதான் பயமா கீது."

உண்மைதான். மழை வந்தது, வெயிலடித்தது, வானம் மூடியது. போச்சண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் நானே, "அண்ணா, மழை வருது" என்றேன். "ம்" என்றார். ஆபீஸ் பூஜையில் விபூதி மட்டும் எடுத்துக்கொண்டார், குங்குமத்தைத் தொடவில்லை. எட்டு வருஷம் நான் கேலி செய்த அந்த வார்த்தைக்காக என் காது ஏங்கிக் கிடந்தது. நான் வேலை மாறி வேலூர் போகும்வரை அது திரும்ப வரவில்லை. சரசக்காவின் தறியும் திரும்ப ஓடவில்லை.

போன மாதம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். சின்னதுதான். அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, என்றைக்கு என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

"போச்சுன்னு சொல்லுங்கண்ணா, நல்லபடியா முடிஞ்சிடும்" என்றேன்.

"ஒண்ணும் ஆவாது தம்பி. நல்லா வந்துடுவே" என்றார்.

அப்போதுதான் எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

ஆபரேஷன் அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்துக் கண்ணமங்கலம் வழியாக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே குங்குமம். கட்டிலை, பாட்டில்களை, மானிட்டரை எல்லாம் ஒருமுறை பயத்தோடு பார்த்தார்.

"தம்பி, இத வெச்சா எதனா ஃபெயிலாயிடுமா?"

நான் நெற்றியைக் காட்டினேன். பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. வைத்துவிட்டுப் பொட்டலத்தை மடித்துக்கொண்டு கதவோரம் போய் நின்றார்.

நர்ஸ் பஞ்சோடு வந்து, தியேட்டருக்குள் போகுமுன் முகத்தில் எதுவும் இருக்கக்கூடாது, துடைக்க வேண்டும் என்றார்.

"துடைங்க சிஸ்டர்" என்றேன். "அவரு அந்தாண்ட போனப்புறம்."