நீலப் படத்துக்கு ஒரு சிவப்புப் பொட்டு

எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் அந்த நீலப் படத்தை மட்டும் விடுவதில்லை என்று லாண்டரிக்காரர் முடிவு கட்டிவிட்டார். படம் மனைவியுடையது. கண்காட்சியும் மனைவியுடையது. அதனால்தான் முடிவை அவளிடம் சொல்லவில்லை.

கித்தான் துணியை மடித்து, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் சாயம் பூசி, காய்ந்ததும் பிரித்து மாட்டுவாள். அதுதான் படம். மனுஷன் வாழ்நாள் பூரா சுருக்கம் எடுத்தவர்; வீட்டுக்காரி அதே சுருக்கத்துக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்! எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஒரு வருஷமாக அவளுக்குப் பின்னறையே கதி. கடையை மூடிவிட்டு வந்தால் சாத்திய கதவுதான் வரவேற்கும். பேச்சுத் துணையில்லாமல் ஏங்கிப் போனார். நீலப் படம் மட்டும் படுக்கை விரிப்பு அகலம், ஒற்றை ஆளால் மடிக்க முடியாது. "என்னங்க, அந்த முனையைப் பிடிங்க" என்று கூப்பிட்டாள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நெருங்கி வந்து, முனையோடு முனை சேர்த்தபோது விரல்மேல் விரல் பட்டது. அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அப்படிச் சிரித்து! அதை எவனோ ஒருத்தன் கூடத்துச் சுவருக்கு அனுப்புவதா?

விற்ற படத்துக்குப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு ஒட்டுவது அந்தக் காட்சிக்கூடத்து வழக்கம். மேஜையிலிருந்து ஒன்றை நைசாகக் கிளப்பி, நீலப் படத்தருகே ஒட்டிவிட்டார்.

வந்தது வினை.

"அடடா, இது போயிடுச்சா?" என்றார் ஒரு அம்மாள்.

"இதே மாதிரி இன்னொண்ணு செஞ்சு தருவாங்களா?" என்றார் வேறொருவர்.

பொட்டைப் பார்த்தவர்களுக்கெல்லாம் அந்தப் படம்தான் வேண்டுமாம்!

மனைவி மெல்லப் பக்கத்தில் வந்தாள். "பொட்டு ஒட்டினது நீங்கதானே?"

"நானா? சேச்சே!"

"ஒரு சுருக்கமில்லாம ஒட்டியிருக்கு. வேற யாரு?"

மனுஷன் அவசரமாகப் பொட்டை உரிக்கக் கை நீட்டினார்.

"அது நம்ம வீட்டுக்குத்தாங்க. நான் விக்கறதாவே இல்ல. பொட்டு அப்படியே இருக்கட்டும். இதே அளவுல நிறையப் பேர் கேக்கறாங்க. ஒவ்வொண்ணையும் மடிக்க ரெண்டு ஆள் வேணும். நீங்க வருவீங்களா?"

கேட்க வேண்டுமா! மறுநாள் கடையைச் சீக்கிரமே சாத்தி, முகம் கழுவி, நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு பின்னறைக்கு ஓடினார். தரையில் கிடந்த கித்தானின் ஒரு பக்கத்தை ஆசை ஆசையாகத் தூக்கினார்.

மறுபக்கத்தைத் தூக்கியது அவள் அண்ணன்.

"நீ வரலியா?" என்றார் பாவம்.

"நான் சாயம் கலக்கணும்ல?" என்றாள் அவள், திரும்பாமலே.

"கூச்சப்படாம கிட்ட வாங்க மாப்ளே," என்றார் மச்சான்.