லாஸ்ட்ராவுக்கு இருபத்தாறு

டாக்டர் எவேலியோ பெர்னால் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். எத்தனை தரம் துடைத்தாலும் அவர் பெயருக்கு நேரே பதிமூன்றுதான் இருந்தது.

இருபதுக்குக் கீழே இருப்பவர்கள் மாசக் கடைசிக்குள் ஆய்வுக்கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது புது உத்தரவு. ஒருவர் எழுதிய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணினி எண்ணி, தன் கணக்குப்படி ஒரு மதிப்பெண் போடும். இனிமேல் அந்த எண்தான் ஆள். இருபத்திரண்டு வருஷமாக இபாகே நகரத்து மழையில் நனைந்து, தவளைத் தோலைத் தின்னும் பூஞ்சைக்கு மருந்து தேடியவர் பெர்னால். கூடத்தில் நூற்று நாற்பது தவளைகள் உயிரோடு இருந்தன. அதுகளை எங்கே கொண்டுபோவது?

"முதல் இடத்தைப் பாத்தீங்களா டாக்டர்? எ. லாஸ்ட்ரா, இருபத்தாறு! யாரு இவரு, நான் பாத்ததே இல்லையே?" என்றார் செயலாளர் நூபியா அம்மா, கையில் கருப்புக் காப்பியோடு.

"நான்தாங்க அது!"

"நீங்க பெர்னால் இல்ல?"

"அப்பா வழியில பெர்னால், அம்மா வழியில லாஸ்ட்ரா. நம்ம ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு குடும்பப் பேருதானே? உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் முதல் பேரை வச்சான். வெளிநாட்டுக்காரன் கடைசிப் பேரைப் புடிச்சுக்கிட்டான். என்னை ரெண்டா வெட்டிட்டானுங்க!"

"பெரிய பாதி அம்மா பக்கம் போயிருச்சு போல" என்று சொல்லிவிட்டு நூபியா அம்மா காப்பியை உறிஞ்சினார்.

பெர்னால் கம்பெனிக்கு எழுதினார். இரண்டு பேரையும் ஒன்றாக்க இரண்டு பேருடைய சம்மதமும் தேவை, தனித்தனி மின்னஞ்சலிலிருந்து வரவேண்டும் என்று பதில் வந்தது. வேறு வழியில்லாமல் லாஸ்ட்ரா பெயரில் ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, 'எனக்குச் சம்மதம், பெர்னால் மிகவும் நல்லவர்' என்று அனுப்பினார். சம்மதத்தோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாளே கம்பெனியிடமிருந்து நிறுவனத்துக்குப் புகார் வந்துவிட்டது: இரண்டு கடிதமும் ஒரே கணினியிலிருந்து வந்திருக்கின்றன, மூத்த விஞ்ஞானி லாஸ்ட்ராவின் உழைப்பை யாரோ ஒருவர் அமுக்கப் பார்க்கிறார்.

டைரக்டர் கமார்கோ கூப்பிட்டு அனுப்பினார். பதினைந்து வருஷமாகக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேறெந்த ஆராய்ச்சியும் செய்யாத மனிதர் அவர்.

"என்ன பெர்னால், ஒரே கட்டடம், ஒரே தவளை. லாஸ்ட்ராவோட சேர்ந்து ஒரு கட்டுரைகூட எழுதலையே நீங்க! கூட்டு ஆராய்ச்சிக்கு உங்களுக்கு முட்டை போட்டிருக்கான். அப்படி என்னய்யா சண்டை அவரோட?"

"டாக்டர், லாஸ்ட்ரா நான்தான்!"

"கம்பெனி அப்படிச் சொல்லலையே. நமக்கு நாமே சொல்லிக்கிட்டா அது அறிவியலா?"

பெர்னால் தன்னோடு தானே கூட்டுச் சேர்ந்தார். எதை அனுப்பினாலும் படிக்காமல் போடும் இணையப் பத்திரிகை ஒன்றில் 'பெர்னால், லாஸ்ட்ரா' என்று ஒரு கட்டுரை இரண்டே நாளில் வெளிவந்தது. கூட்டு மதிப்பெண் விறுவிறுவென்று ஏறியது. சந்தோஷத்தில் அலுவலகம் முழுக்கப் பாலாடைக்கட்டி ரொட்டி வாங்கிக் கொடுத்தார்.

ரொட்டி செரிப்பதற்குள் ஒழுக்கக் குழு கூடிவிட்டது.

"லாஸ்ட்ராவை நீங்க அறுபத்தோரு இடத்துல மேற்கோள் காட்டியிருக்கீங்க. அவரு உங்களை அம்பத்தெட்டு இடத்துல. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி முதுகு சொறிஞ்சிக்கிறீங்களா?"

"என் முதுகை நான் சொறிஞ்சா தப்பா?"

அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. பதிமூன்று ஏழானது.

"லாஸ்ட்ராவுக்கு எவ்வளவு குறைச்சீங்க?"

"அவரு மூத்தவர். எச்சரிக்கையோட விட்டுட்டோம்."

அன்று பெர்னால் கூடத்துக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். தவளைகள் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தன. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஞானஸ்நானப் பதிவு, கல்லூரிப் பட்டம் என்று வீட்டிலிருந்த காகிதம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் டைரக்டர் மேஜையில் கொட்டினார்.

கமார்கோ ஒன்றுவிடாமல் புரட்டிப் பார்த்தார். அந்த முகத்தில் பெர்னால் இதுவரை காணாத ஒரு கனிவு தெரிந்தது.

"அப்ப லாஸ்ட்ரான்னு தனியா ஒரு ஆளு இங்க வேலையிலேயே இல்லை?"

"இல்லவே இல்லை டாக்டர். சத்தியமா!"

"முன்னாடியே தெளிவாச் சொல்லக்கூடாதா? கவலையை விடுங்க. கூடத்தை லாஸ்ட்ரா பேருக்கே ஒதுக்கிடறேன். மாசக் கடைசியில அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டா சாவி."

பெர்னாலுக்குக் கால் தரையில் பாவவில்லை. கமார்கோவைப் பற்றி இத்தனை நாளும் தப்பாக நினைத்துவிட்டோமே என்றுகூட வருந்தினார். மாசக் கடைசி நாள் காலை ஒன்பது மணிக்கு, சவரம் செய்து, டை கட்டி, நூபியா அம்மாவின் மேஜை முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"டாக்டர் லாஸ்ட்ரா வந்திருக்கேன். சாவியைக் குடுங்கம்மா."

"அவரு எட்டு மணிக்கே வந்து, அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே!"

"யாரு?"

"எடில்பெர்ட்டோ லாஸ்ட்ரா. தவளையைப் பாத்தாலே அவருக்குக் குமட்டுதாம், சாயங்காலத்துக்குள்ள அள்ளிட்டுப் போகச் சொன்னாரு. மத்தபடி தங்கமான மனுஷன் டாக்டர், நம்ம டைரக்டரோட மச்சினன்தான்."