ரீஸ்டோர் செய்த ஞாயிற்றுக்கிழமை

எனக்குக் கண் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த மடத்தனத்துக்கும் கண்ணுக்கும் சம்பந்தம் இருப்பதாக நினைத்து நீங்கள் பாவம் பார்ப்பீர்கள். அது முழுக்க முழுக்க என் மண்டையின் கைங்கரியம்.

அந்த மண்டைக்கு அப்போது ஒரு பெருமை இருந்தது. தெஹியோவிட்டப் பக்கத்து றப்பர் தோட்டங்களிலேயே முறையாக பேக்கப் எடுத்து வைக்கிற ஒரே மனிதன் நான்தான் என்று. தோட்டப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் வேலை. ஸ்டாஃப் ரூமில் யாராவது “ஃபைல் போச்சு” என்று மூக்கைச் சிந்தினால், “பேக்கப் எடுக்கலியா?” என்று கேட்பேன். (எத்தனை பேர் மனதுக்குள் என்னை அடித்திருப்பார்களோ.)

என் லேப்டொப் பேசும். திரையில் இருப்பதையும், நான் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு வெள்ளைக்காரக் குரல் மூக்கடைத்தாற்போல் வாசித்துச் சொல்லும். பாஸ்வேர்ட் அடிக்கும்போது மட்டும் எழுத்தைச் சொல்லாமல் “ஸ்டார், ஸ்டார்” என்று மறைத்துவிடும். அந்த ஒரு மரியாதையை நம்பித்தான் என் பாஸ்வேர்டை வைத்திருந்தேன். இங்கிலீஷ் எழுத்தில், ‘மலர் மட்டும்’.

மலர் எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தாள். றப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. காலையில் றப்பர் மலையில் இறங்கும் பாதையில் எனக்கு முன்னால் போவாள். மற்றவர்கள் என் கையைப் பிடித்து இழுத்து, “பள்ளம் சார், கல்லு சார்” என்று கத்தி என்னைக் கொன்றுவிடுவார்கள். மலர் கத்தமாட்டாள். “சார், நில்லுங்க” என்பாள். குனிந்து என் காலிலிருந்து அட்டையைப் பிடுங்கி எறிவாள். “ம், வாங்க” என்பாள். அவ்வளவுதான். மழைக்காலத்தில் எனக்கு ரத்தம் குறைந்ததோ இல்லையோ, புத்தி நன்றாகவே குறைந்துவிட்டது. சொல்ல மட்டும் தைரியம் இல்லை. அவளுடைய அப்பா தோட்டத்துத் தலைவர், தொழிற்சங்கம், கோயில் கமிட்டி எல்லாம் அவர்தான். தோட்டத்து மேனேஜர் தொரையே அவரிடம் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கஹவத்தையிலிருந்து மலரைப் பெண் பார்க்க வந்தார்கள்.

எனக்குத் தெரியும். மலர் வீடு எங்கள் லயத்து வரிசையில் அடுத்த காம்பரா; பக்கத்திலேயே கேசரி கிண்டினால் தெரியாமலா போகும்? என் அக்கா செல்வியும் உதவிக்குப் போயிருந்தாள். ஆண்பிள்ளை என்றால் போய் வாசலில் நின்றிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது, ரீஸ்டோர் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

போன வருடத் திருவிழாவுக்கு எடுத்த முழு பேக்கப் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் கம்ப்யூட்டர் அன்றிருந்தபடியே திரும்பி வரும். ஒரே சிக்கல், ரீஸ்டோர் நடக்கும்போது என் வெள்ளைக்காரன் வாய் திறக்கமாட்டான். கண் வேண்டும். தேங்காய்த் துருவியை எடுத்துப்போக வந்த அக்காவைப் பிடித்தேன்.

“என்னாக்கா தெரியுது?”

“நீலமா இருக்கு.”

“என்ன எழுதிருக்கு?”

“இங்கிலீசுல என்னமோ எழுதிருக்கு. வட்டமா ஒன்னு சுத்துது. டேய், அங்க மாப்ள வந்துட்டாருடா, நா போறேன்.”

போய்விட்டாள். நான் காதை முழுதாய் மூடுகிற பெரிய ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தேன். (அடுத்த காம்பராவில் “பொண்ண வரச் சொல்லுங்க” என்று யாரும் சொல்வது காதில் விழக்கூடாது என்பதும் ஒரு காரணம்.) வேண்டிய நேரம் போயிற்று. ஹெட்செட்டில் ஒரு சத்தமும் இல்லை. சரி, பாஸ்வேர்ட் கேட்டு நிற்கிறது போல என்று அடித்தேன். என்டரைத் தட்டினேன். மௌனம். தப்பாக அடித்துவிட்டேனோ என்று ஒவ்வொரு எழுத்தாய், நிதானமாய், அழுத்தி அடித்தேன். மௌனம். ஹெட்செட்டைத் தாண்டி, எங்கோ தூரத்தில் போல ஏதோ அறிவிப்பு கேட்டது. கோயிலில் பூசாரி ஏதோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி அடித்தேன்.

நான் மறந்தது இதுதான். பேக்கப் எடுத்த திருவிழா அன்று, பாட்டுப் போடுவதற்காக என் லேப்டொப்பை கோயில் ஆம்ப்ளிஃபையரோடு புளூடூத்தில் இணைத்திருந்தோம். கோயில் பையன்கள் தொட வசதியாக பாஸ்வேர்ட் கேட்பதையும் நிறுத்தி வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் சொன்ன சொல் தவறாமல் அந்த நாளுக்கே திரும்பிவிட்டது. கோயில் எங்கள் லயத்தை ஒட்டினாற்போல். பூசாரி காலைப் பாட்டு முடிந்து ஆம்ப்ளிஃபையரை அணைக்காமல் போயிருந்தார். பாஸ்வேர்ட் பெட்டி இல்லாததால் ஸ்டாரும் இல்லை. எழுத்து எழுத்தாக, கடைசியில் முழுச் சொல்லாக, வேப்ப மரத்து ஸ்பீக்கரில் என் வெள்ளைக்காரன் தோட்டத்துக்கே சொல்லிக்கொண்டிருந்தான்.

“எம். ஏ. எல். ஏ. ஆர்.”

அக்கா ஓடிவந்து ஹெட்செட்டைப் பிடுங்கினாள். காதும் கூடவே வந்துவிடும் போலிருந்தது.

“நிறுத்துடா பாவி! ஒங் கம்ப்யூட்டரு கோயில்ல பேசுதுடா!”

“இங்க ஒன்னும் கேக்கலியேக்கா.”

“எங்க எல்லாருக்கும் கேட்டுருச்சுடா! மாப்ள வீட்டுக்காரங்க தேத்தண்ணிய கையில வச்சிக்கிட்டு அப்பிடியே ஒக்காந்திருக்காங்க!”

நடந்ததைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை மாப்பிள்ளையின் மாமா, “கோயில்ல இங்கிலீஷ் வகுப்பா?” என்றாராம். இரண்டாம் தடவை பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெளியே எழுத்துக்கூட்டி “மலர் மட்டும்” என்று கத்தியிருக்கிறார்கள். (நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகள்தான்.) மூன்றாம் தடவை, அவர்களைக் கூட்டிவந்த சிங்கள த்ரீவீல்காரர் “ஹரி ஷோக்!” (பிரமாதம்!) என்று கைதட்டினாராம். மாமா எழுந்து நின்று, “யாருங்க அது?” என்று மலரிடமே கேட்டிருக்கிறார். மலர் சிரித்துவிட்டாள்.

சாயங்காலம் தலைவர் வந்தார். நடையிலேயே தெரிந்தது. சாட்சியை ஒளிக்கிற மாதிரி லேப்டொப்பைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

“சார், அவங்க போயிட்டாங்க” என்றார்.

“மன்னிச்சிருங்க தலைவரே.”

“நா அருவாளோடதான் பொறப்பட்டேன். எம்பொண்ணு சிரிச்சிட்டா. அதுக்கு மேல நா என்னத்தப் பேச?”

அவருக்குப் பின்னாலிருந்து மலரின் குரல் வந்தது. அவளும் வந்திருக்கிறாள் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“ஏன் சார், தெனமும் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லத் தெரிஞ்சிச்சு. எங்கிட்ட சொல்லத் தெரியலியா?”

“அது யாருகிட்டயும் சொல்லாதுன்னு நெனச்சேன்.”

“நல்லா நெனச்சீங்க” என்றாள். பிறகு என் கையில் சூடு ஆறிய ஒரு தட்டு வந்து உட்கார்ந்தது. “கேசரி மிஞ்சிப்போச்சு. சாப்பிடுங்க.”

மாப்பிள்ளைக்காகக் கிண்டிய கேசரி. வெட்கமே இல்லாமல் வழித்துச் சாப்பிட்டேன்.

இப்போது நான் பேக்கப் என்று வாயெடுத்தாலே மலர் முதலில் கோயிலுக்குப் போய் ஆம்ப்ளிஃபையர் ப்ளக்கைக் கழற்றிவிட்டு வருகிறாள். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். புதியது என்னவென்று அவளுக்கும் தெரியாது, அதற்காகக் கிடைக்கும் குத்தல் பேச்சு தனி.

ஆனால் கோயிலில் இன்றைக்கும் மைக் சரிபார்க்க யாரும் “ஹலோ, ஹலோ” சொல்வதில்லை. இந்த வருடத் திருவிழாவில் மைக்கை முதலில் பிடித்தவர் என் மாமனார். தொண்டையைச் செருமினார். தோட்டமே காத்திருந்தது. பிறகு, சங்கக் கூட்டத்தில் பேசுகிற அதே கணீர்க் குரலில் ஆரம்பித்தார்:

“எம். ஏ. எல். ஏ. ஆர். கேக்குதா மாப்ள?”