இடது முழங்கால் ஜெபம்

நான் எழுதிய நகைச்சுவைக் கட்டுரையைக் கேட்டு ஒரு கூட்டமே கண்ணை மூடித் தலைகுனிந்து "ஆமென்" சொல்லியிருக்கிறது. எழுத்தாளன் என்று சொல்லித் திரிகிற வேறு யாருக்கும் இந்தப் பாக்கியம் வாய்த்ததாகத் தெரியவில்லை. எனக்கு எண்பது தாண்டிவிட்டது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் பி.ஏ. முடித்துவிட்டு பம்பாய்க்கு வந்தேன். கையில் டிகிரி, தலையில் கனம். மாட்டுங்கா லேபர் கேம்பில் ஞானமுத்து அண்ணாச்சியின் கோலியில் இடம் கிடைத்தது. கோலி என்றால் ஒரே அறை. அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை, அதிலேயே குளியல். அண்ணாச்சி எனக்குச் சொந்தக்காரர் இல்லை. பக்கத்து ஊர்க்காரர், ஒரு மில்லில் ஃபிட்டர். "படிச்ச பிள்ள தெருவுலயா படுக்கும்?" என்று கேட்டபடி என் டிரங்குப் பெட்டியைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். ஃபோர்ட்டில் ஒரு கம்பெனிக்கு டைப்பிஸ்ட் வேண்டுமாம் என்று விசாரித்து வந்ததும் அவர்தான். அவர் மனைவி ரூபி மதினி எனக்கு வேளை தவறாமல் சோறு போட்டார். அறுந்த சட்டைப் பொத்தானைத் தைத்தும் கொடுத்தார். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் நான் செய்த காரியத்தின் லட்சணம் உங்களுக்கு முழுதாகப் புரியும்.

அண்ணாச்சியிடம் ஒரே ஒரு குறை இருந்தது (குறை என்று சொன்னவன் நான் ஒருவன்தான்). நீளமாக ஜெபம் செய்வார்.

ஞாயிறு மாலைகளில் எங்கள் சபையார் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். பாட்டு, வேத வாசிப்பு, கடைசியாக நிறைவு ஜெபம், அதன் பிறகு காப்பி. நிறைவு ஜெபம் அண்ணாச்சிக்கு என்று எழுதி வைத்ததுபோல. மில்லில் அவர் வாய் திறந்து நான் கேள்விப்பட்டதில்லை. மேஸ்திரி திட்டினாலும் தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பாராம். ஆனால் கண்ணை மூடினால் போதும், மடை திறந்துவிடும். "ஆண்டவரே, உமக்குத் தெரியும்" என்று ஆரம்பித்து, ஆண்டவருக்குத் தெரிந்ததையெல்லாம் ஆண்டவருக்கே விளக்குவார். குழாயில் தண்ணீர் வராதது, தாதரில் லோக்கல் வண்டி நின்றுபோனது, யார் வீட்டுப் பெண்ணுக்கு இன்னும் வரன் அமையவில்லை, எல்லாம் வரும். அதற்குள் அடுப்படியில் தம்ளரில் ஊற்றி வைத்த காப்பி ஆடை கட்டி, ஆடை சுருங்கி, தண்ணீராய்க் கிடக்கும்.

வீட்டில் நாங்கள் மூவர் மட்டும் இருக்கும்போது இதோடு மதினியின் முழங்கால் வலியும் சேரும். ஒரு வாரம் இடது, ஒரு வாரம் வலது. வெளியே அதைப் பற்றி அண்ணாச்சி மூச்சுவிட மாட்டார். மனைவியின் வலி வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

சபையின் வாலிபர் சங்கம் ‘வாலிபர் விளக்கு’ என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தியது. மாதம் ஒரே ஒரு பிரதி. செயலாளர் ஜெயசிங், டிராம்பே பக்கம் ஓர் ஆலையில் கிளார்க், முத்து முத்தான தன் கையெழுத்தில் எல்லாவற்றையும் படியெடுத்து, படம் வரைந்து, நூல் போட்டுத் தைப்பார். அது லேபர் கேம்பில் கிளம்பி தாராவி, சயான், செம்பூர் என்று வீடு வீடாகச் சுற்றும். பின்பக்கத்தில் வெற்றுத் தாள்கள் இருக்கும். படித்தவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும்.

அதற்கு நான் ‘குறும்பன்’ என்ற பெயரில் ஒரு நையாண்டி எழுதினேன். தலைப்பு, ‘ஒரு சுருக்கமான ஜெபம்’. முழுக்க முழுக்க ஒரு ஜெபமாகவே எழுதியிருந்தேன். அதில்தான் என் மேதாவித்தனம் முழுவதும் இருப்பதாக எண்ணம். ஒரு துண்டு பாருங்கள்:

‘கிருபையுள்ள ஆண்டவரே, உமக்குத் தெரியும், இன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. செங்கடலைப் பிளந்த உமக்கு நகராட்சிக் குழாயைத் திறப்பது எம்மாத்திரம்? என் மனைவியின் இடது முழங்காலை நினைத்தருளும். வலது முழங்காலைப் பற்றிப் போன வாரமே விண்ணப்பித்துவிட்டேன். அது உம்முடைய பரிசீலனையில் இருப்பதை அறிவேன்.’

எழுதி முடித்து நானே படித்து நானே விழுந்து விழுந்து சிரித்தேன். (எழுதியவன் சிரித்தால் உஷாராகிவிட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.)

பத்திரிகை ஒரு சுற்றுப் போய்த் திரும்பியது. பின்பக்கத்தில் யுத்தமே நடந்திருந்தது.

‘சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது. எங்கள் பக்கத்து வீட்டுக்காரரை அப்படியே எழுதிவிட்டார்’ என்று தாராவியிலிருந்து ஒருவர். அதன் கீழே பக்கத்து வீட்டுக்காரர்: ‘எனக்கும் சிரிப்பு வந்தது. மேலே எழுதியிருப்பவரைத்தான் சொல்லியிருக்கிறார்.’ அடுத்து சயானிலிருந்து ஓர் ஆசிரியை: ‘இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? உருக்கமான ஜெபம். முழங்கால் பகுதியில் கண்ணீர் வந்தது.’ அதற்கு ஒருவர்: ‘அம்மணி, இது நகைச்சுவை.’ அதற்கு இன்னொருவர்: ‘நகைச்சுவை இல்லை, தெய்வ நிந்தனை. குறும்பன் யார் என்று சொல்லவும்.’ ஒருவர் மட்டும் எந்தச் சண்டைக்கும் போகாமல் ‘கையெழுத்து அழகு’ என்று எழுதியிருந்தார். கடைசியாக எங்கள் போதகர், ‘வாசித்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஜெயசிங் தலையில் கை வைத்துக்கொண்டார். "காலிபீலி லஃப்டா ஆயிட்டுதுடே சாமு, சும்மா கிடந்த எடத்துல சண்ட. சிரிப்பா இல்லையான்னு ஒரு முடிவுக்கு வரலைன்னா அடுத்த இதழ் வராது."

"என்ன பண்ணப் போறிய?"

"அடுத்த ஞாயித்துக்கிழம கூட்டத்துல சத்தமா வாசிப்போம். சிரிச்சா நகைச்சுவை. சிரிக்கலைன்னா உன் பேர வெளிய சொல்லுதேன், மீதிய அவிய பாத்துக்கிடுவாவ."

"யாரு வாசிக்கா?"

"நல்ல தொண்டை வேணும்லா? உங்க அண்ணாச்சிதான்."

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணாச்சிக்குப் படிக்க நேரம் கிடைக்காததால் பத்திரிகையை அவர் பார்த்திருக்கவில்லை. அந்தக் குரலில் என் எழுத்தைக் கேட்கலாமே என்ற அற்ப ஆசை என் வாயைக் கட்டிவிட்டது.

அந்த ஞாயிறு கூட்டம் எங்கள் கோலியிலேயே. உள்ளே இடமில்லாமல் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"கிருபையுள்ள ஆண்டவரே..."

அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டது. அந்தக் குரல் அந்த வார்த்தையைச் சொன்னால் கண்ணை மூடித்தான் அவர்களுக்குப் பழக்கம். வாசலில் நின்றவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டார்கள். செங்கடலும் குழாயும் வந்தன. யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர் வராத கோபத்தில் ஒருவர் "ஆமென்" என்றார். நான் கண்ணைத் திறந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஒரு முகத்தில்கூடப் புன்னகை இல்லை. சயான் ஆசிரியை சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சியும் உற்சாகமாகிவிட்டார். தாளில் இல்லாததையெல்லாம் இடையிடையே சேர்த்துக்கொண்டே போனார். அப்புறம் இடது முழங்கால் வந்தது. வலது முழங்கால் பரிசீலனையில் இருப்பதும் வந்தது.

அடுப்படிப் பக்கம் "க்ளுக்" என்று ஒரு சத்தம்.

ரூபி மதினி. வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கையிலிருந்த தட்டில் தம்ளர்கள் கிடுகிடுக்க, அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை வருடமாக ஆறிப்போன காப்பியெல்லாம் சேர்ந்து அந்தச் சிரிப்பாய் வெளியே வந்ததுபோல இருந்தது.

அண்ணாச்சி நிறுத்தினார். மதினியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். அந்த முழங்காலைப் பற்றி இந்த உலகத்தில் தெரிந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது ஆளைத் தேடி அவர் கண் என்னிடம் வந்து நின்றது.

மிச்சம் இரண்டு பத்தி இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. "ஆமென்" என்று சொல்லித் தாளை மடித்தார். கூட்டமும் "ஆமென்" என்றது. ஒரு சிரிப்பாவது வந்ததே என்று ஜெயசிங் என் பெயரை வெளியே சொல்லவில்லை. அன்று காப்பி சூடாக இருந்தது.

எல்லோரும் போனபின் அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். "சாப்பிடு தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நிறைவு ஜெபத்துக்கு எல்லோரும் அவர் பக்கம் திரும்பியபோது, "வேற யாராவது பண்ணுங்க" என்றார். அதற்கடுத்த வாரமும் அப்படியே. வீட்டிலும் ஜெபம் நின்றுவிட்டது. சூடான காப்பி உடனே கைக்கு வந்தது. வாயில் வைத்த அண்ணாச்சி "ஸ்ஸ்ஸ்" என்று துடித்துப்போனார். கொதிக்கிற காப்பி குடித்து அவருக்குப் பழக்கமே இல்லை. நாக்கு வெந்து நாலு நாள் கஞ்சிதான் குடித்தார். சிரிக்க வேண்டிய விஷயம். எங்கள் கோலியில் யாரும் சிரிக்கவில்லை.

மதினி என்னைத் தனியே பிடித்தார். "நீ எழுதுன, நான் சிரிச்சேன். ரெண்டு பேரும் சேந்து அந்த மனுசன் வாய அடச்சிட்டோம். மில்லுல பேச மாட்டாவ, ஊருக்குள்ள பேச மாட்டாவ. பேசுனது அந்த ஒரு இடத்துலதான். அதையும் பிடுங்கிட்டோமே தம்பி."

"மன்னிப்புக் கேட்டேன் மதினி. ‘எதுக்குடே’ன்னு கேக்காவ."

"மன்னிப்பக் கொண்டு என்ன செய்ய? அவிய வாயத் திறக்கணும். அதுக்கு வழி பாரு."

வழி எனக்குத் தெரியவில்லை. என் மடத்தனம்தான் வழி காட்டியது.

ஜெயசிங்குக்குச் செம்பூரில் புது வீடு கிடைத்தது. வீட்டுப் பிரதிஷ்டைக்குச் சபையே பஸ் பிடித்துப் போனது. கடைசியில், "நிறைவு ஜெபம் யாரு?" என்ற கேள்வி வந்தது. அண்ணாச்சி தரையைப் பார்த்தார். ஜெயசிங் என்ன நினைத்தாரோ, "நம்ம குறும்பன் இருக்காரே! எழுதுனவரே பண்ணட்டும்" என்று என் ரகசியத்தைப் போட்டு உடைத்தார்.

நான் எழுந்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"கிருபையுள்ள ஆண்டவரே," என்றேன்.

அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பி.ஏ. உதவிக்கு வரவில்லை. தாளில் அவ்வளவு நக்கலாக ஓடிய அந்த ஜெபம் தொண்டையில் ஒரு வரிகூட இல்லை. "ஆண்டவரே," என்றேன் மறுபடியும். யாரோ இருமினார்கள். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. "ஆண்டவரே, உமக்குத் தெரியும்..." என்றேன். என்ன தெரியும் என்பது ஆண்டவருக்கே வெளிச்சம்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் அந்த வாக்கியத்தை என் வாயிலிருந்து வாங்கிக்கொண்டது.

"...உமக்குத் தெரியும், இந்தப் பிள்ளைக்கு எழுத வரும், பேச வராது. ஆண்டவரே, இவன் குளிச்சிட்டு ஈரத்துண்ட என் கட்டில்ல போடுதான். இங்கிலீஷ் பேப்பர விரிச்சு வச்சிக்கிட்டு அதுக்குள்ள தமிழ்த் தொடர்கத படிக்கான். டிகிரி இருக்கு, சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரியாது. அதையும் ரூபிதான் தைக்கா. அவ முழங்கால் விசயம் இப்ப பம்பாய்க்கே தெரிஞ்சு போச்சு. அதனால இனி ஒளிவு மறைவு இல்லாம கேக்கேன், ஆண்டவரே. இடது, வலது ரெண்டையும் சேத்தே நினைத்தருளும். பரிசீலன போதும்!"

முதலில் ஜெயசிங்கின் வயிறு குலுங்கியது. பிறகு வரிசையாக எல்லோரும். கண்ணைத் திறந்தால் ஜெபம் கெட்டுவிடும் என்று ஒருவரும் திறக்கவில்லை. ஒரு வீடு நிறைய ஜனங்கள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் குலுங்கி, மூக்கு வழியாகச் சிரிப்பதை நான் ஒருவன்தான் பார்த்தேன். சயான் ஆசிரியையும் சிரித்தார். அண்ணாச்சி நிறுத்தவில்லை. அத்தனை வாரப் பாக்கியையும் சேர்த்து ஆண்டவரிடம் ஒப்பித்தார். அன்று காப்பியை மறுபடி சுட வைக்க வேண்டியிருந்தது. மதினி அதை ஒரு பண்டிகை வேலை மாதிரி செய்தார்.

எது நகைச்சுவை என்ற விவாதம் அன்றோடு தீர்ந்தது. எது இல்லை என்பதும் தீர்ந்தது. ‘வாலிபர் விளக்கு’க்கு நான் அதன்பின் பயணக் கட்டுரை மட்டும் எழுதினேன்.

அண்ணாச்சி பின்னாளில் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஊருக்குக் கிளம்பியபோது, ரயில் ஜன்னலருகே நின்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "உண்மையச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் எழுதுனது சிரிப்பா இருந்துச்சா, இல்லையா?"

"சிரிப்பா? நான் ஜெபமாத்தான்டே வாசிச்சேன். நல்ல ஜெபம். கொஞ்சம் சுருக்கம்."

வண்டி நகர்ந்துவிட்டது. சில வாரம் அவர் வாயடைத்து இருந்ததற்கு நான் பட்ட வெட்கம் இன்னும் என்னோடு இருக்கிறது. அவர் தீர்ப்பும் இருக்கிறது. நான் எதை எழுதி நீட்டினாலும் என் மனைவி கடைசித் தாளைப் புரட்டிவிட்டு, "நல்ல ஜெபம், கொஞ்சம் சுருக்கம்" என்கிறாள்.

இதையும் நேற்று, இப்போது நாங்கள் இருக்கும் கோபர்கைரனே வீட்டில், எல்லோரையும் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். பேத்திக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முடித்ததும் சந்தேகத்தோடு கேட்டாள். "தாத்தா, இது ஜோக்கா, ப்ரேயரா?"

அடுப்படியிலிருந்து என் மனைவி சொன்னாள், "அங்க தாத்தாவுக்கு வச்ச காப்பியத் தொட்டுப் பாரு. ஆறிப்போயிருந்தா ப்ரேயர்."

தொட்டுப் பார்த்தாள். ஆறிப்போயிருந்தது.