உங்க அவசரம் இல்லே, அங்கிள்

லோத்குண்டா,
செகந்திராபாத்,
மே மாதம், புதன்கிழமை.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான கனகமணி அக்காவுக்கு,

தம்பி ஸ்டான்லி ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. தேவகிருபையால் நானும் வசந்தாவும் இங்கே சரீர சுகத்தோடு இருக்கிறோம். அத்தானின் சர்க்கரை, உங்கள் முழங்கால், உங்கள் வீட்டு மொட்டைமாடி ஒழுகல் ஆகிய மூன்றையும் தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். சரீர சுகம் என்று மட்டும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மனசு சுகமில்லை அக்கா. போனில் சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் பாதியில் “அதுக்கு என்னலே இப்போ?” என்பீர்கள். கடிதத்தில் அப்படிக் கேட்க வழியில்லை, முழுதும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் உங்கள் மாடி அறையை எங்களுக்காக ஒழித்துவையுங்கள். இந்த ஊர் எனக்குப் போதும். எங்கள் தமிழ்ச்சபையின் வாலிபர் கோடை முகாமில் இனிமேல் எனக்கு வேலை இல்லை.

முகாமைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நான் அனுப்பும் போட்டோதான். கிட்டார், கைதட்டல், கண்ணை மூடிக் கை உயர்த்தி நிற்கிற பிள்ளைகள். போட்டோவில் நான் இருக்கமாட்டேன். ஏனென்றால் அந்த நேரத்தில் நான் தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பேன். பாலாநகர் ஆலையில் வேலை பார்த்த காலம் முழுக்க, ஜனங்கள் மே மாத லீவில் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போனார்கள், நான் ஷாமீர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் கொசுவுக்கு ரத்தம் கொடுத்தேன். ஒரு வருஷம் செங்கடல் நாடகம் போட்டோம். நீலத் தார்ப்பாயை இரண்டாகப் பிரித்துப் பிடிக்க வேண்டும், இஸ்ரவேலர் கடந்தபின் மூட வேண்டும், அவ்வளவுதான் வேலை. பிடித்திருந்த பையன்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கடல் முன்னாலேயே மூடிவிட்டது, மோசேயும் இஸ்ரவேலரும் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டார்கள், பார்வோன் மட்டும் சேதமில்லாமல் கரையேறிக் கும்பிடு போட்டான். ஜனம் கைதட்டியது. தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, கிணற்றில் ஆளை இழுக்கிற சங்கிலிப் பிசாசு மாதிரி எல்லாரையும் இழுத்து வெளியே விட்டது யார்? நான். இன்னொரு வருஷம் மெட்ராஸிலிருந்து வந்த பிரசங்கியார் “சுருக்கமாக முடிக்கிறேன்” என்று அரைநாள் பேசினார். நம் சமையல்காரர் சாரங்கபாணி, பெருமாளைத் தவிர வேறு யாருக்கும் தலை வணங்காத மனுஷன், கரண்டியோடு மேடை ஓரம் வந்து நின்று, “ஆமென் போடுங்க சார், சாம்பார் ஆறுது” என்றார். அந்த முகாமிலேயே எல்லாரும் ஒருமனப்பட்டு ஆமென் சொன்னது அப்போதுதான். பிரசங்கியார் என்னைக் கோபித்துக்கொண்டார், சாரங்கபாணியும் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். உபவாச ஜெபத்தன்று சுவரேறிக் குதித்து பிரியாணி சாப்பிடப் போன பையன்களைப் பிடிக்க நான் ஹோட்டலுக்கே போனேன், பக்கத்து மேசையில் ஒரு ஊழியக்காரர் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் யார் என்று இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன். ஆனால் அவர் உங்கள் வீட்டில் இரண்டு முறை தங்கியிருக்கிறார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. குளியலறையில் தண்ணீர் நின்றால் “அங்கிள்!” தேள் வந்தால் “அங்கிள்!” அம்மாவை நினைத்து ஒரு பெண் அழுதால் “அங்கிள்!” மோட்டார் அறைக்குள் போய் ஜெப நேரத்தில் ஒளிந்துகொள்கிறார்களே என்று, நீங்கள் திண்டுக்கல்லிலிருந்து வாங்கி அனுப்பிய பூட்டைப் போன வருஷம் அதில் போட்டேன். அதற்கும் “அங்கிள் ரொம்ப மோசம்” என்றார்கள். அந்த அங்கிள் என்ற சத்தத்தை அப்போது சலித்துக்கொண்டேன் அக்கா, இப்போது அது காதில் விழாதா என்றிருக்கிறது.

இந்த வருஷக் கதைக்கு வருகிறேன். வாலிபர் சங்கத்துக்குப் புதுத் தலைவர் இவான். கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், நல்ல பையன்தான், பேசும்போது நம் முகத்தைப் பார்க்காமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேசுவான், மணி பார்ப்பதற்கில்லை, அதில் ஏதோ செய்தி வருமாம். போன வாரம் வழக்கம்போல நான் தோப்புக்குப் போய், தொட்டியைக் கழுவி, மோட்டார் போட்டு நிரப்பி, பூட்டிவிட்டு வந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. என்றைக்குச் சொன்னார்கள்? முகாம் திங்கட்கிழமை. நான் விடியற்காலையிலேயே வந்துவிடட்டுமா என்று சங்கச் செயலாளர் அபிகாயிலுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். இந்தப் பெண் பிறந்தது வளர்ந்தது இங்கே, தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்லும். என்னிடம் மட்டும் அது நடக்காது. ஸ்டான்லி அங்கிளிடம் பேசினால் தமிழ்தான் என்று நான் எப்போதோ சட்டம் போட்டுவிட்டேன், இங்கத்திப் பிள்ளைகள் எல்லாம் அதற்கு அடங்கித்தான் வளர்ந்தார்கள். இந்தப் பெண்ணும் கஷ்டப்பட்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி, தமிழிலேயே பேசி அனுப்பியிருந்தது: “அங்கிள், இந்த வருஷம் உங்க அவசரம் இல்லே. நிதானமா ரெஸ்ட் எடுங்க.”

உருகிவிட்டேன் அக்கா. வயசானவன், வெந்நீரைக் காலில் ஊற்றிக்கொண்டு ஓடிவர வேண்டாம், மெல்ல வரட்டும் என்று எத்தனை கரிசனம்! வசந்தாவைக் கூப்பிட்டு மறுபடி மறுபடி போட்டுக் காட்டினேன். பிள்ளைகளை நாம் வளர்த்த வளர்ப்பைப் பார் என்றேன். அவள் கேட்டுவிட்டு, இட்லிக்கு மாவு இருக்கிறதா பார்க்கிறேன் என்று எழுந்து போனாள்.

திங்கட்கிழமை முழுக்க அவசரமில்லாமல் இருந்தேன். முடி வெட்டிக்கொண்டேன். முகாமில் நான் ஊதுகிற விசிலுக்குப் புதுக் கயிறு கட்டினேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம், பையன்களுக்கு வசந்தா சுட்ட முறுக்கு டின்னோடு பஸ் ஏறி, ஆட்டோ பிடித்து, தோப்பு வாசலில் இறங்கினேன். நுழையும் இடத்தில் கலேப் என்ற பையன் கையில் வாக்கிடாக்கியோடு நிற்கிறான். தொட்டிலில் கிடந்தபோது ஞானஸ்நானத்துக்கு நான் தூக்கிக்கொண்டு போன பையன். “அங்கிள், கைக்கு வந்தீங்க?” என்கிறான். இந்த ஊர் உருதுவில், ஏன் வந்தாயாம்! “இவான் அண்ணா உங்களை நக்கோன்னு சொல்லிட்டாரே” என்றும் சொன்னான், வேண்டாம் என்றுவிட்டாராம். பொல்லாத பையன் இல்லை, பொய் சொல்லத் தெரியாத பையன். பிறகு என் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினான். அதில் ‘விசிட்டர்’ என்று போட்டிருந்தது. அந்தத் தோப்பில் எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருகினால் தண்ணீர் வரும் என்று என்னைத் தவிர ஒரு மனுஷனுக்குத் தெரியாது, நான் விசிட்டர்.

உள்ளே சாரங்கபாணி இல்லை, டப்பாவில் சாப்பாடு வருகிறது. நாடகம் இல்லை, திரையில் படம் ஓடுகிறது. இவான் வந்து கைகொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, “சாப்பிட்டுட்டுப் போங்க அங்கிள்” என்றான். என் முகாமில் என்னைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறான் அக்கா, கல்யாண வீட்டுக்கு வந்த மூன்றாம் மனுஷனைச் சொல்வது மாதிரி. அபிகாயில் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்து, “அங்கிள், நான் தமிழ்லேதானே சொன்னேன்?” என்றாள். ஆமாம்மா, தமிழில்தான் சொன்னாய் என்றேன். முறுக்கு டின்னை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிட்டேன்.

வீட்டில் வசந்தா கதவைத் திறந்து, ஸ்டிக்கரைப் பார்த்து, அதை மெல்லப் பிய்த்து எடுத்தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குத் தெலுங்கு தெரியாதா அக்கா? காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிற தெலுங்கு, ஆலையில் யூனியன் பேசின தெலுங்கு எல்லாம் தெரியும். நமக்கு அவசரம் என்றால் பரபரப்பு. இவர்களுக்கு அவசரம் என்றால் தேவை. உங்கள் அவசரம் இல்லை என்றால் நீங்கள் தேவையில்லை என்று அர்த்தம். ஆனால் தமிழ் உடுத்தி வந்த சொல்லுக்குள் தெலுங்கு இருக்கிறதா என்று எவன் துழாவிப் பார்ப்பான்? தெலுங்கிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். தமிழில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டது நான்தான், யாரைக் குறை சொல்ல? உனக்கு எப்போது தெரியும் என்று வசந்தாவைக் கேட்டேன். லோத்குண்டாவில் பிறந்தவள் அல்லவா.

“முதல் தடவை கேட்டப்பவே தெரியும்.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க சிரிச்சிட்டு இருந்தீங்க” என்றாள்.

நேற்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்திருக்கிறது. இதுவரை என்னிடம் யார் யார் அவசரம் இல்லை என்று சொன்னார்களோ, எல்லாவற்றையும் தெலுங்கில் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கமிட்டிக் கூட்டத்துக்கு அவசரமில்லை ஐயா என்று போதகர் சொன்னார். ஆலையில் கடைசி வருஷம், ரிப்போர்ட்டுக்கு அவசரமில்லை ஸ்டான்லி என்று மேனேஜர் சொன்னார், அவர் விஜயவாடாக்காரர். போன மாதம் பெங்களூரிலிருந்து நம் பையன் போனில், “அப்பா, நீங்க இங்கே வர்றதுக்கு அவசரம் இல்லேப்பா” என்றான். அவனும் இங்கே படித்தவன்தானே அக்கா. அவன் எந்த பாஷையில் சொன்னான் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே வருகிறோம். விசிலை ஆணியில் மாட்டிவிட்டேன். அங்கே தமிழுக்குத் தமிழ் அர்த்தம்தான் இருக்கும், அந்தமட்டில் நிம்மதி. உங்கள் சபையில் முகாம் ஏதாவது நடந்தால் தயவுசெய்து என்னிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

அத்தானுக்கு என் ஸ்தோத்திரம். சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கியிருப்பாராக. நாங்கள் வந்து சேரும்வரை எங்களுக்கும் அதில் கொஞ்சம் மிச்சம் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தேவையற்ற உங்கள் தம்பி,
ஸ்டான்லி

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது போன் அடித்தது. அபிகாயில். மூச்சு வாங்குகிறது. “அங்கிள், சாலா அவசரம்” என்கிறாள், ரொம்ப அவசரமாம். தமிழா தெலுங்கா என்று கேட்டேன். “ரெண்டும்தான் அங்கிள்” என்றாள். நான் நிரப்பிவைத்த தொட்டி காலியாகிவிட்டதாம், மோட்டார் அறை பூட்டியிருக்கிறதாம், உங்கள் திண்டுக்கல் பூட்டு எதற்கும் மசியவில்லையாம், கக்கூஸ் வாசலில் வாலிபர் சங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதாம். நான் எழுந்தே நின்றுவிட்டேன், செருப்பில் ஒரு காலும் நுழைத்துவிட்டேன். அப்போது, “சாவி மட்டும் போதும் அங்கிள், நீங்க வரவேணாம், கலேப் பைக்லே வந்து வாங்கிக்குவான்” என்றாள். என் அவசரம் இல்லை அக்கா, சாவியின் அவசரம்தான். சாவியை எங்கே வைத்தேனோ, நானே தேடி எடுத்துக்கொண்டு வருகிறேன், கலேப் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாவி என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. வசந்தாவும் பார்த்துவிட்டாள். ஆணியிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தாள். மாடி அறையை ஒழிக்க வேண்டாம். அவசரம் இல்லை. இதை மட்டும் தயவுசெய்து தமிழில் வாசித்துக்கொள்ளுங்கள்.